இருதய ஆபரேஷன்

ஜூன் 12

பள்ளி திறந்தாயிற்று. கோடையில் மைதானம் முழுக்கச் சீமைக்கருவேலங்கன்று முளைத்துக் கிடக்கிறது. ஆள் அனுப்புகிறேன் என்ற தலைமையாசிரியர் அனுப்பவில்லை. நானும் கோ-கோ அணிப் பெண்களும் வெட்டி ஒதுக்கினோம். ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி நன்றாக ஓடுகிறாள். திரும்பும்போதுதான் சறுக்குகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி என் பனியனைத் தூக்கிக் காட்டினாள். இடது பக்கம், காம்பு படுகிற இடத்தில், சின்னதாகப் பழுப்புக் கறை. முள் கீறியிருக்கும் என்றேன்.

"போன மாசப் பனியன்லயும் இருந்துச்சே. போன மாசம் எந்த முள்ளை வெட்டுனீங்க?" என்றாள்.

ஜூன் 30

சங்கரிக்கு ஜாதகம் பொருந்திவிட்டது. தென்காசி வரன். மாப்பிள்ளை ஹரிகரன் மஸ்கட்டில் இன்ஜினியர். அப்பா கல்யாணசுந்தரம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்கு அடுத்த ஏப்ரல் கடைசியில்தான் லீவு ஆரம்பமாம், அதனால் கல்யாணம் வரும் வைகாசியில். என் மகளுக்கு முப்பத்தொரு வயது முடிந்துவிட்டது. செவ்வாய் தோஷம் என்று சொல்லி எத்தனை பேர் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கோயம்புத்தூரில் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிறாள். அதைக் கேட்பவர்கள் குறைவு.

போனில் சொன்னபோது "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டு, "வேற போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக ஒன்று. வலி இல்லை. வலி இல்லாததால் பயப்பட ஒன்றும் இல்லை.

ஜூலை 4

கோமதி விடவில்லை. உள்ளூர் டாக்டர் தொட்டுப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சங்கரன்கோவிலில் முதல் பஸ் பிடித்துப் போனோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற பகுதி முழுக்கப் பெண்கள். நர்ஸ் பெண் வந்து கோமதியிடம், "வாங்கம்மா, மேல் துணியெல்லாம் எடுத்துட்டு இந்தக் கவுனை மாட்டிக்கோங்க" என்றாள்.

"எனக்கில்ல, இவுகளுக்கு" என்றாள் கோமதி.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். ஆவுடையப்பன், ஆண், ஐம்பத்தாறு. "சாரி சார்" என்றாள். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் குனிந்துகொண்டார்கள். உள்ளே இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு நசுக்கும் அளவுக்குச் சதை கிடையாது. தோலைப் பிடித்து இழுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். வரும் வழியில் ராஜபாளையத்தில் பரோட்டா சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

ஜூலை 12

டாக்டர் பெயர் மெஹருன்னிசா. சங்கரியைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். மார்பகப் புற்றுநோய் என்றார்.

"அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்லா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைங்களுக்கும் அந்தத் திசு கொஞ்சம் இருக்கு சார். நூறு பேருக்கு வந்தா அதுல ஒருத்தர் ஆம்பளையா இருப்பார். தெரியாததாலதான் எல்லாரும் லேட்டா வர்றாங்க."

"நான் பீடி சிகரெட் தொட்டதில்ல. குடிச்சதில்ல. இன்னைக்கும் பிள்ளைங்களோட மைதானத்தைச் சுத்தி ஓடுவேன்."

"தெரியுது சார். உங்க தப்புன்னு யாரும் சொல்லல." பிறகு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன்.

"பூரணத்தக்காவுக்கு?" என்றாள் கோமதி.

"அது வயிறு."

"வயித்துல எங்க?" என்று டாக்டர் கேட்டார்.

என் அக்கா நாற்பத்தாறு வயதில் வயிறு வீங்கிச் செத்தாள். சினைப்பையில் கட்டி என்று சொன்னார்கள். அதைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதிக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். நான்தான் முடிவு செய்தேன். பி.டி. மாஸ்டருக்கு மார்பில் பொம்பளை வியாதி என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. தென்காசிக்காரர்கள் காதுக்குப் போனால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

"வேற என்னன்னு சொல்லப் போறீங்க? நெஞ்சுல அறுத்துட்டு வந்தா கேக்க மாட்டாங்களா?" என்றாள் கோமதி.

நெஞ்சில் அறுப்பதற்கு இருதயம் இருக்கிறதே. இருதய ஆபரேஷன். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. சங்கரிக்கும் அப்படியே. அதுவும் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

ஜூலை 22

ஆபரேஷன் முடிந்தது.

ஜூலை 27

சங்கரி நேராக ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது என்பதற்காக வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் செய்தோம். ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலிலேயே அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள்.

"நெஞ்சை அறுத்து ஹார்ட்ட வெளிய எடுத்திருக்காங்க. எனக்கு ஒரு போன் கிடையாதா? நான் என்ன வேத்து மனுஷியா?"

நான் கட்டின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். சங்கரி என் காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் சேர்க்கக்கூடாது, முட்டையில் மஞ்சள் கரு கூடாது என்று என்னென்னவோ படித்து வந்திருக்கிறாள். இனி இந்த வீட்டில் தோசைக்கு எண்ணெய் கிடையாது.

ஆகஸ்ட் 18

கல்யாணசுந்தரம் பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். அவருக்கும் பைபாஸ் ஆகியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"எத்தனை அடைப்பு சம்பந்தி?" என்றார்.

"ரெண்டு" என்றேன்.

"எனக்கு மூணு." சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, கழுத்துக்குக் கீழிருந்து வயிறு வரை நேராக இறங்கும் தழும்பைக் காட்டினார். வேட்டியை விலக்கி, நரம்பு எடுத்த காலையும் காட்டினார். "ராத்திரியில எலும்பு சேர்ற இடம் கிணுகிணுன்னு இருக்கும். உங்களுக்கு இருக்கா? எங்க, உங்களுக்கு எப்படித் தச்சிருக்கான்னு பாப்போம்."

என் கை சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. கோமதி காப்பியோடு வந்து, "காத்து படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி" என்றாள்.

"நல்லது, நல்லது" என்று தன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர். போகும்போது, "நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. பேரப்பிள்ளைங்களைப் பாத்துட்டுத்தான் போவோம்" என்று என் தோளில் தட்டினார். தட்டியது இடது தோள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3

மருந்து ஏற்றினார்கள். ரத்தம் போலச் சிவப்பாக இருக்கிறது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை.

செப்டம்பர் 4

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 7

பக்கத்து வீட்டில் தாளித்தால்கூடக் குமட்டுகிறது. வாயில் துரு சுவை. மோர் மட்டும் இறங்குகிறது.

செப்டம்பர் 19

தலையணையில் முடி. உடனே கோமதியை அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். இருதயம் பிழைத்ததற்கு வேண்டுதல் என்று சொன்னால் ஆயிற்று. பள்ளியில் எல்லாரும் பிரசாதம் வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 24

முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முடிவு வந்துவிட்டது. டாக்டர் விளக்கமாகச் சொன்னார். மகளை அழைத்து வரச் சொன்னார். சரி என்றேன்.

அக்டோபர் 16

மகள் வரவில்லையா என்று டாக்டர் கேட்டார். செமஸ்டர் தேர்வு நேரம் என்றேன்.

அக்டோபர் 31

தீபாவளி. சங்கரி வந்திருக்கிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்து தினமும் கூப்பிடுகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சிரித்துப் பேசுகிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சாப்பிடும்போது என்னையே பார்த்தாள். "அப்பா, புருவம் எங்கப்பா?"

"மொட்டை போடும்போது அந்தப் பய அதையும் சேத்து வழிச்சுட்டான்."

அவள் சிரிக்கவில்லை. கோமதி என் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நவம்பர் 6

வார்டில் புதிதாக வந்த ஒரு அம்மா அழுதுகொண்டே நர்ஸிடம், "அந்த ஆளை வெளிய போகச் சொல்லும்மா. மாத்துத் துணி போடணும்" என்றார். துணைக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார். ஸ்டாண்டில் தொங்கிய மருந்துப் பையைத் தள்ளிக்கொண்டு நானே வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். மருந்து முடியும் வரை அங்கேயே இருந்தேன். கால் விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன, நிற்பது தரையில் நிற்பது போல இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே வெளியே வந்தார். "தெரியாமச் சொல்லிட்டேன் ஐயா. ஆம்பளைக்கும் வருமா இது?" என்று கேட்டார். வரும் என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டிசம்பர் 11

டாக்டர் இன்று கோபப்பட்டார் என்று சொல்ல முடியாது. குரல் மட்டும் மாறியது.

"செல்லுல பழுது வந்தா சரி பண்ற ஒரு ஜீன் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு சார். உங்ககிட்ட அதுவே பழுது. உங்க அக்காவுக்கும் அதுதான் இருந்திருக்கணும். உங்க மகளுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் பயம் இல்ல, வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிச் சின்னதா இருக்கும்போதே புடிச்சிடலாம். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் செப்டம்பர்லேர்ந்து கேக்குறேன்."

வெளியே வந்து, சங்கரியிடம் சொல்லலாமா என்று கோமதியிடம் கேட்டேன். அவள் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பாதிக்குப் பாதின்னா இல்லாமயும் இருக்கலாமில்ல. கல்யாணம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே நானே சொல்லுதேன்."

நான் சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஜனவரி 14

பொங்கல். ரேடியேஷனில் மார்பு கருகிவிட்டது. தோல் உரிகிறது. சட்டை போட முடியவில்லை, சட்டை இல்லாமல் இருக்கவும் முடியாது. வந்தவர்களிடம் குளிர்க்காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கரி பொங்கலுக்கு வரவில்லை. கல்லூரியில் ஏதோ கருத்தரங்காம். நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 9

இனி தினமும் ஒரு மாத்திரை, ஆண்டுக்கணக்கில். அதைச் சாப்பிட்டால் திடீரென்று உடம்பு உள்ளேயிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. தலையில் இருந்து வியர்வை கொட்டுகிறது, அப்புறம் குளிர்கிறது. கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்பது வயசுல எனக்கு வந்துச்சே, அப்ப என்ன சொன்னீங்க? ஃபேனைப் போட்டுக்கோன்னீங்க. இப்ப நீங்க ஃபேனைப் போட்டுக்கோங்க."

இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று. நானும் சிரித்தேன். இடது கை வீங்கியிருக்கிறது. பந்தைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

மார்ச் 2

இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் அந்தப் பழைய நாற்காலியை மாற்றச் சொல்ல வேண்டும்.

மார்ச் 15

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சங்கரி காலையில் வந்தாள். முகூர்த்தப் பட்டு எடுக்க நாளை திருநெல்வேலி போவதாக ஏற்பாடு. நான் கடைக்குப் போய் வந்தபோது அடுக்களையில் அழுகைச் சத்தம். சங்கரி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் என் மாத்திரை அட்டை.

"அம்மா, எத்தனை நாளாம்மா? இது ஹார்ட் மாத்திரை இல்ல. மார்புல கேன்சர் வந்தவங்க சாப்பிடுற மாத்திரை. போன்ல பாத்துட்டேன். அப்பாவுக்கு செக்கப், அப்பாவுக்கு செக்கப்னு மாசா மாசம் மதுரை போனது உனக்காகத்தானே? அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னதே உனக்கு வந்ததை மறைக்கத்தானே?"

கோமதி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாட்டி. எனக்குத்தான்" என்றாள்.

சங்கரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கோமதி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, போய்விடுங்கள் என்பது போலக் கண்ணால் எனக்குக் காட்டினாள். என் அவமானத்தை அவள் தன் உடம்பில் வாங்கிக்கொண்டாள். அப்படியே விட்டிருந்தாலும் விட்டிருக்கலாம். நான் சற்று நேரம் அப்படியே நின்றேன் என்பதையும் எழுத வேண்டும்.

பிறகு சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றினேன்.

சங்கரி பார்த்தாள். ஒரு பக்கம் காம்பு இல்லாமல், அக்குள் வரை இழுத்துத் தைத்த கோடு, கருகிய தோல். எழுந்து வந்து தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படித்த பெண். அடுத்த கேள்விக்கு அவளை யாரும் அழைத்துப் போக வேண்டியிருக்கவில்லை.

"பூரணத்தத்தைக்கு வந்தது?"

"அதுவும் இதுதான்னு டாக்டர் சொல்றாங்க."

"அப்ப எனக்கு?"

கோமதி போய் அடுப்பை அணைத்தாள்.

"டாக்டர் என்னை வரச் சொன்னாங்களா? எப்ப சொன்னாங்க?"

"செப்டம்பர்ல."

"இப்ப மார்ச்சுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டு எடுக்கப் போகவில்லை.

மார்ச் 18

சங்கரிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் படுக்கையில் குப்புறப் படுக்க வைத்து உள்ளே தள்ளினார்கள். எனக்கும் முதுகுக்காக ஏதோ ஸ்கேன் எடுத்தார்கள். வந்தது வந்தோம், அதையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

மார்ச் 21

டாக்டர் கோமதியைத் தனியாக அழைத்து என் முதுகைப் பற்றிப் பேசினார். வெளியே வந்தவள் பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் நடந்தாள். அப்புறம் மல்லிகைப்பூ வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். எலும்பு தேய்மானம், இந்த வயதில் வருவதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். அப்படித்தான் இருக்கும்.

பள்ளியில் என் இடத்துக்கு வரும் ஆளிடம் அணிப் பெண்களைப் பற்றி எல்லாம் சொல்லி வைக்க வேண்டும். அந்த ஏழாம் வகுப்புச் சிறுமியை எக்காரணத்தைக் கொண்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் ஓட மாட்டாள்.

ஏப்ரல் 5

சங்கரிக்கு வலது மார்பில் ஒரு புள்ளி. கைக்குத் தட்டுப்படவில்லை. படத்தில்தான் தெரிகிறது. ஊசி விட்டு எடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 11

ஜீன் அவளுக்கும் இருக்கிறது. அந்தப் புள்ளியும் அதுதான்.

டாக்டர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார். "ரொம்பச் சின்னது. இந்த நிலையில புடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க முழுசா நல்லாயிடுறாங்க. ஆபரேஷன், அப்புறம் மருந்து. கஷ்டம்தான். ஆனா முடியும்."

சங்கரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் வெளியே போன பிறகு நான் மட்டும் இருந்து, செப்டம்பரிலேயே அழைத்து வந்திருந்தால் அந்தப் புள்ளி இருந்திருக்குமா என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது சார்."

"போட முடிஞ்சா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் கொடுத்தது. என் மூக்கு, என் நெட்டைக் கால், இதுவும்.

ஏப்ரல் 20

சங்கரியே மாப்பிள்ளையிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. இன்று கல்யாணசுந்தரம் தனியாக வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வியாதி யாருக்கும் வரும். எனக்கு வரலையா? அதுக்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார். "நான் சட்டையைக் கழட்டிக் காட்டுனேன் சார் உங்ககிட்ட. வேட்டியைத் தூக்கிக் காட்டுனேன். நீங்க ரெண்டு அடைப்புன்னீங்க."

சம்பந்தி என்று சொல்லவில்லை. சார் என்றார். கோமதி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். அதை வாங்கி முழுவதும் குடித்தார். "பையன் முடிவு பண்ணட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 29

ஹரிகரன் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்வி. இங்கே வரவில்லை. சங்கரி போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

மே 2

"நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்பா" என்றாள். சொல்லும்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நம்பினேன்.

மே 8

சங்கரிக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. நெறிக்கட்டில் ஒன்றும் பரவவில்லை.

மே 13

என்னை உட்கார வைத்து டாக்டர் மெஹர் பேசினார். முதுகில் இருப்பது தேய்மானம் இல்லை, அதுவும் இதுதான். என் முதுகுக்கு வாராவாரம் ஏற்றுகிற ஒரு மருந்து இருக்கிறது. வலியைக் குறைக்கும், சில மாதங்கள் கூட்டிக் கொடுக்கலாம். எத்தனை மாதங்களுக்கு மேல் அந்தச் சில மாதங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஊசி போட்டதெல்லாம் போதும், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாக்கில் இப்போதுதான் புளிக்குழம்பு ருசிக்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் கம்பை ஊன்றிக்கொண்டாவது மைதானம் வரை போய் வருகிறேன். அது போதும்.

ஜூன் 5

இன்று முகூர்த்தம். மண்டபத்துக்காரர் போன் செய்து வாழைமரம் கட்டுவதற்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் சொல்ல மறந்திருக்கிறோம்.

ஜூன் 10

சங்கரி மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். தேதி கொடுத்து, மதுரை போக டாக்சி வாசலில் வந்து நிற்கிறது. அறையை விட்டு வரவில்லை. கோமதி கதவுக்கு வெளியே உட்கார்ந்து கெஞ்சினாள். டாக்சியைத் திருப்பி அனுப்பினோம்.

ஜூன் 12

டாக்டரே போனில் பேசினார். இந்த நேரத்தை விட்டால் உடம்புக்குள் எங்காவது ஒளிந்திருப்பது திரும்ப வரும், இப்போது போட்டால் நல்ல வாய்ப்பு என்றார். சங்கரி மரியாதையாகக் கேட்டுவிட்டு நன்றி என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது கை தலையணை மேல் இருந்தது.

"உனக்கு நல்லாயிடும்னு சொல்றாங்க. எனக்கு வந்த மாதிரி முத்திப் போகல."

"யாருக்காகப்பா நல்லாகணும்? காலேஜ்லயும் தெரிஞ்சு போச்சு. இனி எந்த வீட்டு வாசல்ல என்னை நிறுத்துவீங்க? இருக்கற முடியையும் கொட்ட வச்சு, நீங்க வாந்தி எடுத்துக் கிடந்த மாதிரி நானும் கிடக்கணுமா?"

"நான் கிடந்தது உனக்கெப்படித் தெரியும்?"

"தீபாவளிக்குப் பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னேன். என்னன்னு தெரியாமயே நின்னேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்களே வேண்டாம்னுதானே சொல்லிட்டு வந்தீங்க? அம்மா சொன்னா. உங்களுக்குப் போதும்னா எனக்கும் போதும்பா."

எழுந்து வெளியே வந்தேன். முற்றத்தில் கோமதி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சேலையைக் கொடியில் போட்டு, அதன் பின்னால் நின்றே அழுதாள். சேலை ஆடாமல் இருந்தது. இந்த ஒரு வருடத்தில் நானோ சங்கரியோ அவளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு நாள் கேட்கவில்லை.

திரும்ப உள்ளே போனேன்.

"நான் போட்டுக்கிட்டா நீ போட்டுக்குவியா?" என்றேன்.

கட்டிலில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "ஒண்ணாப் போவோம்மா. எனக்கு வாரா வாரம். உனக்கு மூணு வாரத்துக்கு ஒண்ணு. நீ எத்தனை தடவை போறியோ அத்தனை தடவையும் நானும் அங்க இருப்பேன். வாந்தி எடுத்தா ரெண்டு பேரும் எடுப்போம்."

"உங்களால முடியாதுப்பா."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு டாக்சிக்குச் சொல்லுங்கள் என்றாள்.

ஜூன் 16

டாக்டர் மெஹர் என்னைத் தனியாக நிறுத்தினார். "சார், ஒரு மாசம் லேட். உங்க உடம்பு இப்ப இருக்கற நிலைமைல இது எவ்வளவு பலன் தரும்னு என்னால சொல்ல முடியாது. பலன் இல்லாமக் கஷ்டம் மட்டும் மிஞ்சலாம்."

"அவளுக்கு ஆறு தடவை போடணும்னீங்கல்லம்மா. அதுவரைக்கும் என்னை இங்க கொண்டுவந்து சேத்துடுங்க. போதும்" என்றேன்.

அவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

பெண்கள் வார்டில்தான் எனக்கும் இடம் கேட்டேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 25

சங்கரிக்கு வாயெல்லாம் புண். எனக்கும். கோமதி ஒரே பாத்திரத்தில் மோர் கடைகிறாள்.

ஜூலை 3

சங்கரி தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டாள். மீதியை நான் வழித்துவிட்டேன். பின்பக்கம் ஓர் இடத்தில் கீறிவிட்டது. "பரவாயில்லப்பா" என்றாள்.

ஜூலை 7

அவளுக்கு இரண்டாவது தடவை. எனக்கு இப்போது நடக்க வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஆள் வருவதற்குள் சங்கரியே தள்ளிக்கொண்டு வந்தாள். தள்ளாதே, கைக்கு ஆகாது என்றேன். இடது கையால் தள்ளுகிறேன் என்றாள். நாற்காலி கோணிக்கோணிப் போயிற்று. வழியில் இரண்டு இடத்தில் சுவரில் இடித்தது.

வார்டில் என்னைக் கட்டிலில் ஏற்ற இரண்டு நர்ஸ்கள் வேண்டியிருந்தது. நரம்பு கிடைக்கவில்லை. குத்திக் குத்திக் கடைசியில் புறங்கையில் கிடைத்தது. சங்கரி தன் கட்டிலில் உட்காராமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊசி போட நர்ஸ் வந்ததும் சற்று இருங்கள் என்றாள்.

என் பக்கத்தில் வந்து குனிந்தாள். புருவம் உதிர ஆரம்பித்திருக்கிறது.

"அப்பா, நெஜமாச் சொல்லுங்க. உங்களுக்கு இந்த மருந்து கேக்குதா?"

கோமதி இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"கேக்குது" என்றேன். "போன வாரத்துக்கு இந்த வாரம் முதுகு எவ்வளவோ தேவலை."

சங்கரி என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் கட்டிலில் போய்ப் படுத்து, நர்ஸிடம் இடது கையை நீட்டினாள்.